மூன்றே ஆல்பம் போட்ட ஹாப்பி எண்ட் குழுவுக்கு ஜப்பானில் ஏன் இவ்வளவு மதிப்பு?

கேள்வி: ஜப்பானிய மொழி ராக் இசையின் முன்னோடி என்று ஹாப்பி எண்ட் குழுவைச் சொல்கிறார்கள். சில வருடங்களே இருந்த குழு அப்படி என்ன விட்டுச் சென்றது?

ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். ஜப்பானிய மொழியில் ராக் பாடிய முதல் குழு இவர்கள் இல்லை. 1960களின் பிற்பாதியில் ‘குரூப் சவுண்ட்ஸ்’ என்று ஒரு பெரிய அலையே அடித்தது. அந்தக் குழுக்களும் ஜப்பானிய மொழியில்தான் பாடின. ஆனால் அவர்களுடைய ஹிட் பாடல்களில் பல, இசைத்தட்டு கம்பெனிக்காகத் தொழில்முறை ஆட்கள் எழுதிக் கொடுத்த காதல் பாட்டுகள். அது பிடிக்காமல் தீவிரமாக ராக் வாசிக்கக் கிளம்பியவர்களில் பலர் ஆங்கிலத்துக்குத் தாவினார்கள்.

1969இல் டோக்கியோவில் நான்கு பேர் சேர்ந்தார்கள். பாஸ் கிட்டார் ஹருஓமி ஹொசோனோ, பாட்டும் கிட்டாரும் எய்இச்சி ஓடாகி, லீட் கிட்டார் ஷிகெரு சுசுகி, டிரம்ஸ் டகாஷி மட்சுமோட்டோ. பெரும்பாலான வரிகளை எழுதியவர் மட்சுமோட்டோதான். பஃபலோ ஸ்பிரிங்ஃபீல்டு போன்ற அமெரிக்கக் குழுக்களைக் கேட்டு ஊறியவர்கள் இவர்கள். அந்த இசைக்கு நம் மொழியில், நம் வாழ்க்கையைப் பாடுவோம் என்று முடிவெடுத்தார்கள்.

1970 ஆகஸ்டில் வந்த முதல் ஆல்பத்தின் முதல் பாட்டு ‘ஹாரு யோ கோய்’. கனமான கிட்டார் முழங்குகிறது. அதன்மேல் ஓடாகி என்ன பாடுகிறார் தெரியுமா? புத்தாண்டு என்றால் கணப்பு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, அரிசிக் கொழுக்கட்டை போட்ட சூப்பைக் குடித்துக்கொண்டே சீட்டு ஆடுவோமே என்று பாடுகிறார். அதுவும் பெரியவர்களிடம் பேசுவது போன்ற மரியாதை நடையில். வீட்டை விட்டு வெளியேறி, தனியாகப் புத்தாண்டைக் கழிக்கும் ஓர் இளைஞனின் பாட்டு இது. ராக் இசைக்குள் அப்படி ஒரு வீட்டையும் அப்படி ஒரு சாப்பாட்டையும் கொண்டுவரலாம் என்பதே அன்றைக்குப் புதுசு.

இதற்கு எதிர்ப்பும் இருந்தது. 1970, 71இல் இசைப் பத்திரிகைகளில் நடந்த விவாதத்தை இன்றும் ‘ஜப்பானிய மொழி ராக் சர்ச்சை’ என்றே குறிப்பிடுகிறார்கள். எதிர்த்தரப்பின் முக்கியக் குரல் ராக் பாடகர் யூயா உச்சிதா. ராக்கின் தாளத்தில் ஜப்பானிய மொழி உட்காராது, உலகத்தை எட்ட ஆங்கிலம்தான் வேண்டும் என்பது அவர் வாதம். அதை வெறும் பிடிவாதம் என்று தள்ளிவிட முடியாது. ஆங்கிலத்தில் அழுத்தம் விழும் இடங்களை வைத்தே ராக் மெட்டுகள் உருவாயின. ஜப்பானிய மொழியிலோ அசைகள் ஏறக்குறைய ஒரே நீளத்தில் வரிசையாக வரும், பெரும்பாலும் உயிரொலியில் முடியும். ஓடாகியின் பாட்டைக் கவனித்தால் அவர் இதை எப்படிச் சமாளித்தார் என்று புரியும். ஒரு சொல்லை நடுவிலேயே வெட்டுவார், உயிரொலியை இழுத்து அடுத்த அடியில் கொண்டுபோய் விடுவார். சர்ச்சையைத் தீர்த்தது யாருடைய வாதமும் இல்லை, இந்தப் பாடும் முறைதான் என்பது என் கருத்து.

அப்புறம் 1971 நவம்பரில் ‘கஸெமாச்சி ரோமன்’. நான் மிகவும் நேசிக்கும் ஆல்பம் இது. 1964 ஒலிம்பிக்ஸுக்காக டோக்கியோவைத் தோண்டி, இடித்து, சாலைகளை அகலப்படுத்தினார்கள். மட்சுமோட்டோ வளர்ந்த அவோயாமா பகுதியும் உருமாறிப்போனது. 1967இலிருந்து டிராம் வண்டிகளையும் ஒவ்வொரு தடமாக நிறுத்திக்கொண்டு வந்தார்கள். அப்படி மறைந்த தெருக்களைச் சேர்த்து அவர் கற்பனையில் கட்டிய ஊர்தான் கஸெமாச்சி, அதாவது காற்றின் ஊர். அதில் ஹொசோனோ பாடும் ‘கஸெ ஓ அட்சுமெதெ’ பாட்டில் ஒரு டிராம் பனிமூட்டத்தினூடே கடலைக் கடந்து போகும். ஊரை இழந்த கோபம் எங்கேயும் கத்தலாக வெளிப்படாது. இந்தப் பாட்டைத்தான் 2003இல் ‘லாஸ்ட் இன் டிரான்ஸ்லேஷன்’ படத்தில் வெளிநாட்டு ரசிகர்கள் பலர் முதன்முதலில் கேட்டார்கள். 2007இல் ரோலிங் ஸ்டோன் பத்திரிகையின் ஜப்பான் பதிப்பு, ஜப்பானிய ராக் ஆல்பங்களில் இதற்கே முதலிடம் கொடுத்தது.

மூன்றாவது ஆல்பத்தை 1972இல் லாஸ் ஏஞ்சலஸில் பதிவு செய்தார்கள். அமெரிக்க இசைக்கலைஞர் வான் டைக் பார்க்ஸ் சேர்ந்து உருவாக்கிய கடைசிப் பாட்டு அமெரிக்காவுக்கும் ஜப்பானுக்கும் ஒருசேர விடை சொல்கிறது. ஆல்பம் 1973 பிப்ரவரியில் கடைக்கு வரும் முன்பே குழு கலைந்துவிட்டது.

ஆனால் அவர்களின் நிஜமான செல்வாக்கு தொடங்கியதே அதற்குப் பிறகுதான். 1973இல் பாடகி யூமி அராயின் முதல் ஆல்பத்துக்குப் பின்னணி வாசித்தது ஹொசோனோவும் சுசுகியும் இருந்த குழு. ஓடாகி தொடங்கிய நயாகரா என்ற இசைத்தட்டு லேபிளில் 1975இல் வந்தது சுகர் பேப் குழுவின் ஆல்பம்; பாடகர் டட்சுரோ யமஷிதா அந்தக் குழுவில்தான் வளர்ந்தார். இன்று யூடியூபில் சிட்டி பாப் (70, 80களின் ஜப்பானிய நகர்ப்புற பாப் இசை) கேட்பவர்கள், தெரியாமலே இந்தக் கிளையில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். ஹொசோனோ 1978இல் ரியூஇச்சி சகமோட்டோ, யுகிஹிரோ டகஹாஷி ஆகியோருடன் யெல்லோ மேஜிக் ஆர்க்கெஸ்ட்ராவைத் தொடங்கி மின்னணு இசைக்குப் போனார். ஓடாகியின் 1981 ஆல்பமான ‘எ லாங் வெக்கேஷன்’ பெரும் வெற்றி பெற்றது. அதன் வரிகளும் பெரும்பாலும் மட்சுமோட்டோவுடையவை.

எனக்கு மிகவும் வியப்பான சங்கதி செய்கோ மட்சுடா. 80களின் உச்ச நட்சத்திரப் பாடகி. அவருக்கு மட்சுமோட்டோ வரிசையாகப் பாட்டு எழுதினார். 1981இல் ஓடாகி மெட்டுப் போட்டார், 1983இல் ஹொசோனோ போட்டார். பத்து வருடம் முன்பு ஒரு சின்ன லேபிளில் அதிகம் விற்காத இசைத்தட்டு போட்ட அதே ஆட்கள், நாடே முணுமுணுக்கும் பாட்டுகளை எழுதிக்கொண்டிருந்தார்கள். அதனால்தான் இவர்களை ராக் வரலாற்றுக்குள் மட்டும் வைத்துப் பார்ப்பது போதாது என்கிறேன்.

கேட்க ஆசைப்பட்டால் ‘கஸெமாச்சி ரோமன்’ ஆல்பத்தை முழுதாக, வரிசை மாற்றாமல் கேளுங்கள். பிடித்துப்போனால் அடுத்து ஹொசோனோவின் 1973 தனி ஆல்பம் ‘ஹொசோனோ ஹவுஸ்’. ஆங்கிலேயப் பாடகர் ஹாரி ஸ்டைல்ஸ் 2022இல் தன் ஆல்பத்துக்கு ‘ஹாரிஸ் ஹவுஸ்’ என்று பெயர் வைக்கத் தூண்டுதலாக இருந்தது அதுதான். முதல் ஆல்பத்தைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். கரடுமுரடானது; இவர்களின் குரல் பழகிய பிறகு கேட்டால்தான் அதன் துணிச்சல் தெரியும்.