24 பேருக்கும் ஹைப்போஜியம் காட்டலாம், குழுவைப் பிரியுங்கள்

24 மாணவர்கள், 2 ஆசிரியர்கள். ஒரு நேரத்துக்குப் பத்துப் பேர்தான் என்பதால் மால்டா பயணத்தில் ஹைப்போஜியத்தையே (பாறையில் குடைந்த, வரலாற்றுக்கு முந்தைய நிலத்தடிக் கல்லறை) விட்டுவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து விடாதீர்கள்.

அந்தக் கட்டுப்பாட்டுக்குக் காரணம் உண்டு. நம் மூச்சுக்காற்றும் ஈரமும் உள்ளே கூரையில் இருக்கும் செங்காவிச் சுருள் ஓவியங்களை அரிக்கும். இதைப் போகும் முன்பே மாணவர்களிடம் சொல்லுங்கள், அதுவே நல்ல பாடம்.

மூன்று குழுவாக, அடுத்தடுத்த நேரங்களுக்குச் சீட்டு எடுங்கள். மாதக்கணக்கில் முன்னதாகவே எடுத்துவிட வேண்டும், கடைசி நேரத்தில் இத்தனை பேருக்குக் கிடைப்பது கடினம். ஒரு குழு கீழே இருக்கும்போது மற்றவர்கள் டார்ஷீன் என்ற பழங்காலக் கற்கோயில்களில் இருக்கட்டும். நடந்து போகிற தூரம்தான். அங்கே பெருங்கற்களுக்கு அருகே கிடக்கும் உருண்டைக் கற்களைக் காட்டி, "இது எதற்கு?" என்று கேளுங்கள். கற்பாளங்களை உருட்டி நகர்த்தப் பயன்பட்டிருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் கருத்து. பதிலை அவர்களே கண்டுபிடிக்கட்டும், அவசரப்படுத்தாதீர்கள்.

உள்ளே படம் எடுக்க அனுமதி இல்லை. அதனால் சிறு நோட்டும் பென்சிலும் கொண்டுபோகச் சொல்லுங்கள், வெளியே வந்ததும் நினைவிலிருந்து வரையட்டும்.

அப்புறம், ஹைப்போஜியத்தில் கிடைத்த 'உறங்கும் பெண்' சிலை இப்போது வலெட்டா தொல்லியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உள்ளங்கையில் அடங்கும் அளவுதான். அதை மறுநாள் வையுங்கள். அந்த இருட்டறைகளைப் பார்த்தபின் அவள் உறக்கம் வேறுமாதிரி தெரியும்.

பக்கத்துக் கோசோத் தீவிலுள்ள ஜகன்டீயா பழங்காலக் கற்கோயில்களுக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள், படகுப் பயணமும் சேருமே.