பழைய ஆயிலின் மேல் அக்ரிலிக் அடிக்கலாமா?

கேள்வி: அண்ணே, வணக்கம். இருபது வருஷம் எனாமல் பெயிண்டில் கடை போர்டு, சுவர் விளம்பரம் எழுதியவன் நான். ஃபிளெக்ஸ் வந்து பிழைப்பில் மண் விழுந்ததும் வேறு வேலைக்குப் போய்விட்டேன். அப்போது ஆசைக்காக ஆயிலில் வரைந்த காசிமேட்டுப் படகுகளைப் போன வாரம் பரணிலிருந்து இறக்கிப் பார்த்தேன், ஒன்றும் சகிக்கவில்லை. மேலே அக்ரிலிக் அடித்துத் திருத்திவிடலாமா? லினோலியத் தகட்டைக் கத்தியால் வெட்டி அச்செடுக்கிற லினோகட் பழகவும் ஆசை. ஐம்பதைத் தாண்டிய பிறகு வருமா?
– வாசகர், ராயபுரம்

பதில்: முதலில் அந்த அக்ரிலிக் டப்பாவை மூடி வையுங்கள். ஆயில் காய்ந்தாலும் அதன் மேல் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும், தண்ணீரில் கரைக்கிற அக்ரிலிக் அதில் பிடிக்காது. இன்றைக்கு நன்றாக இருப்பதுபோல் தெரிந்து கொஞ்ச நாளில் தோல் தோலாக உரியும். அடியில் அக்ரிலிக், மேலே ஆயில் என்றால் பிரச்சினை இல்லை, தலைகீழாகத்தான் கூடாது. பரணில் கிடந்த கேன்வாஸில், அதுவும் நம்ம கடற்காற்றுக்கு, பூஞ்சை கட்டாயம் இருக்கும். ஈரத்துணி போட்டுத் துடைக்காதீர்கள், துணி சுருங்கி வண்ணம் வெடிக்கும். மூக்கைக் கட்டிக்கொண்டு மொட்டை மாடி நிழலில் வைத்து மெத்தென்ற காய்ந்த பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள், போதும்.

சரி, திருத்துவதற்கு வருகிறேன். டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் 1653-இல் 'மூன்று சிலுவைகள்' என்று ஒரு செப்புத்தகட்டு அச்சோவியம் செய்தார். பிறகு அதே தகட்டைச் சுரண்டி, ஆட்களை மாற்றி, இருட்டைக் கொட்டி, வேறு படமோ என்கிற அளவுக்கு ஆக்கிவிட்டார். அவருக்கு அந்தத் துணிச்சல் செல்லும், ஏனென்றால் மாற்றுவதற்கு முன்பே எடுத்த அச்சுகள் தனியாக இருந்தன, இன்றும் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். உங்களிடம் இருப்பது ஒரே ஒரு கேன்வாஸ். மேலே அடித்தால் அந்தக் காலத்து உங்கள் கை போயே போச்சு. அது மோசமான கையாகவே இருக்கட்டும், இருந்துவிட்டுப் போகட்டுமே!

அதனால் என் யோசனை, உங்கள் இரண்டு கேள்வியையும் ஒன்றாக்குங்கள். பழைய படகுப் படத்தைப் போட்டோ எடுத்து அதையே லினோவில் வெட்டுங்கள். புது மீடியத்துக்குப் போகிறவர்கள் புது விஷயத்தையும் சேர்த்துத் தேடி இரண்டிலும் திணறுவதைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். உங்களுக்குப் படகு எங்கே வளைகிறது, எங்கே நிழல் விழுகிறது என்பதெல்லாம் ஏற்கெனவே தெரியும், மல்லுக்கட்ட வேண்டியது கத்தியோடு மட்டும்தான். இன்னொன்று, லினோவில் ஷேடிங் கிடையாது, மை படும் அல்லது படாது, அவ்வளவுதான். தூரத்தில் போகிற பஸ்ஸிலிருந்து படிக்கிற மாதிரி எழுத்துக்கு விளிம்பு வைத்தவருக்கு இது புதுசே இல்லை.

படகு முகப்பில் இருக்கிற பதிவு எண்ணை மட்டும் மறந்துவிடாதீர்கள். அச்சில் எல்லாமே இடவலம் மாறி விழும். பட்டர் பேப்பரில் மெத்தென்ற பென்சிலால் வரைந்து, லினோ மேல் கவிழ்த்துப் போட்டு முதுகில் தேய்த்தால் இடவலம் தானாக மாறிவிடும். லினோ விறைப்பாக இருந்தால் வெயிலில் கொஞ்ச நேரம் வையுங்கள், இளகும், ராயபுரத்தில் வெயிலுக்கா பஞ்சம். இடது கை எப்போதும் கத்திக்குப் பின்னால்தான். பிரஸ் இல்லை என்று கவலை வேண்டாம், பேப்பரை மேலே வைத்துக் குழிக்கரண்டியின் முதுகால் பொறுமையாகத் தேய்த்தாலே அச்சு விழும். மிச்சமிருக்கிற எனாமலை உருட்டிப் பார்க்கலாமே என்று கை பரபரக்கும். வேண்டாம், ஓடிப்போய் வெட்டிய பள்ளத்தில் எல்லாம் நிரம்பிவிடும். அச்சு மையே வாங்குங்கள்.

வயதைப் பற்றிக் கேட்டீர்கள். கே.சி.எஸ். பணிக்கர் பெரியமேட்டு ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்தபோதுதான், 1963-இல், எழுத்தும் குறிகளுமாக நிறைந்த தன் ஓவிய வரிசையைத் தொடங்கினார். 1911-இல் பிறந்தவர், கணக்கு போட்டுக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால் நிலக்காட்சியும் மனிதர்களுமாக எவ்வளவோ வரைந்து பெயர் வாங்கியவர். கறுப்பு மைக்கோட்டில் காந்தியை வரைந்து பெயர் பெற்ற ஓவியர் ஆதிமூலமும் பிற்பாடு ஆயில் வண்ணத்தில் அரூப ஓவியத்துக்குப் போனவர்தான்.

கேள்வி: போஸ்டர் கலரில் பழகியவன். வாட்டர் கலரில் வெள்ளை கலந்தால் சகதி மாதிரி ஆகிறது. என்ன செய்வது சார்?
– கல்லூரி மாணவர், வியாசர்பாடி

பதில்: வெள்ளையை டியூப்பில் தேடாதீர்கள் தம்பி, பேப்பர்தான் வெள்ளை. எங்கே வெளிச்சமோ அந்த இடத்தைத் தொடாமல் விட்டுவிட்டு மற்றதை அடிக்க வேண்டும். போஸ்டர் கலர் பழக்கத்துக்கு இது முதலில் எரிச்சலாகத்தான் இருக்கும். 300 ஜிஎஸ்எம் பேப்பர் வாங்குங்கள், மெல்லிசு என்றால் தண்ணீர் பட்டதும் அலை அலையாகச் சுருளும். மழைக்காலத்தில் வாஷ், அதாவது தண்ணீராகக் கரைத்து அடிக்கிற பூச்சு, காய நேரமாகும், அவசரப்பட்டு அடுத்த கலரை வைப்பதும் சகதிக்கு ஒரு காரணம்.

கேள்வி: பழைய ஆயில் ஓவியத்தின் மேல் ஆயிலிலேயே கொஞ்சம் வேலை செய்து முடித்தேன். கீழே எந்த வருஷம் போடுவது?
– வாசகி, பெரம்பூர்

பதில்: இரண்டையும் போடுங்கள், நடுவில் ஒரு கோடு. பின்பக்கம் கட்டையில் என்ன மாற்றினீர்கள் என்று ஒரு வரி எழுதி வையுங்கள், வாங்குகிறவர் கேட்பார். வார்னிஷ் மட்டும் இப்போதே அடித்துவிடாதீர்கள், புது ஆயில் காய ஆறு மாசமாவது பொறுக்க வேண்டும்.