மலை ஏறி வந்த மலை

கேள்வி: எங்கள் வீட்டில் இரண்டு அறைகளைச் சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விடுகிறோம். அறையில் வைக்க நான் ஆங்கிலத்தில் எழுதிய குறிப்பு, ‘கிளைம்பிங் ஃப்ரம் கல்லார், தி நீலகிரி ஹில்ஸ் லுக் வெரி பியூட்டிஃபுல். தி லைன் ஹேஸ் ரீச்ட் ஊட்டி இன் 1908’ என்று தொடங்குகிறது. விருந்தினர் ஒருவர் முதல் வாக்கியத்தைப் படித்ததுமே சிரித்துவிட்டார். பிழை எங்கே?
– வாசகி, குன்னூர்

பதில்: நீங்கள் எழுதியுள்ளபடி, மலையடிவாரத்திலுள்ள கல்லாற்றிலிருந்து ஏறி வருவது ரயிலும் அன்று, பயணியும் அன்று, நீலகிரி மலையேதான். ‘கிளைம்பிங்’ போன்றதொரு சொல் தனக்கென எழுவாய் இல்லாமல் வாக்கியத்தின் தொடக்கத்தில் நின்றால், காற்புள்ளியை அடுத்து வரும் எழுவாயையே அது பற்றிக்கொள்ளும். கல்லாற்றுக்கும் குன்னூருக்கும் இடையே ரயிலுக்கே பல் வைத்த தண்டவாளம் தேவைப்படும்போது, மலை அதுவும் இல்லாமல் ஏறிவிட்டதே என்று உங்கள் விருந்தினர் வியந்திருக்கலாம்.

இதைக் கவனக்குறைவு என்று நான் கருதவில்லை. ‘கல்லாற்றிலிருந்து ஏறும்போது மலை அழகாகத் தெரிகிறது’ என்று தமிழில் நினைத்து எழுதியிருப்பீர்கள். ஏறுபவர் ஒருவராகவும் தெரிவது வேறொன்றாகவும் இருக்க ‘ஏறும்போது’ இடம் தருவதால், தமிழில் அது குற்றமற்ற வாக்கியம். ஆனால் ‘கிளைம்பிங்’ இங்கே நம் ‘ஏறி’க்கு நெருக்கமானது. ‘ஏறி’ போன்ற, ‘செய்து’ என்னும் வாய்பாட்டு வினையெச்சம் தன் வினைமுதலின், அதாவது அச்செயலைச் செய்பவரின், வினையைக் கொண்டே முடியும் என்பது தொல்காப்பிய விதி. ‘மழை பெய்து குளம் நிறைந்தது’ என்பது போன்ற விலக்குகள் உண்டு என்றாலும், ‘கல்லாற்றிலிருந்து ஏறி, மலை அழகாகத் தெரிகிறது’ என்று நீங்கள் ஒருபோதும் எழுதமாட்டீர்கள். ‘ஏறும்போது’ என்பதற்கு ‘ஆஸ் யூ கிளைம்ப்’ என்று எழுவாயோடு எழுதிவிட்டால் சிக்கல் தீர்ந்தது.

‘வெரி பியூட்டிஃபுல்’ எந்த மலைக்கும் பொருந்தும் என்பதால், அதை நீக்கிவிட்டு ஜன்னலில் தெரிவதை எழுதலாம்: ‘ஆஸ் தி டிரெயின் கிளைம்ப்ஸ் ஃப்ரம் கல்லார், தி ஃபாரஸ்ட் கிவ்ஸ் வே டு டீ.’

இரண்டாம் வாக்கியத்தில் ‘ஹேஸ்’ வேண்டாம். முடிந்துபோன ஆண்டைக் குறிப்பிட்டபின் வெறும் ‘ரீச்ட்’ போதும். விருந்தினர் தங்குவது குன்னூரில் என்பதால், பாதை உங்கள் ஊரை எட்டிய ஆண்டையும் சேர்த்துவிடுங்கள்: ‘தி லைன் ரீச்ட் குன்னூர் இன் 1899 அண்ட் ஊட்டி இன் 1908.’