ட்ரங்க் கால்: வாசகர் கேள்வி பதில்

கும்பகோணம் வாசகர்: என் தாத்தா வாரப் பத்திரிகைகளிலிருந்து பிரித்தெடுத்து பைண்டு செய்த தொடர்கதைகள் மர அலமாரி நிறைய இருக்கின்றன. இராமபாணம் அரிக்கத் தொடங்கிவிட்டது. என்ன செய்வது?

முதலில் அலமாரியைச் சுவரிலிருந்து நான்கு விரற்கடை தள்ளி வையுங்கள். ஐப்பசி மழையில் வெளிச்சுவர் ஊறும். அந்த ஈரத்தில்தான் பூச்சி பெருகும். அதற்குக் கதையில் அக்கறை கிடையாது, பைண்டர் தடவிய பசையில்தான் கண். அதனால்தான் புத்தகத்தின் முதுகு முதலில் போகிறது. எல்லாவற்றையும் எடுத்து, தட்டி, நிழலில் காற்றாட வையுங்கள். வெயிலில் வைத்தால் பத்திரிகைத் தாள் பழுத்து, மடிப்பில் ஒடியும்.

பக்கத்திலேயே தஞ்சாவூர் இருக்கிறது. சரசுவதி மகாலில் வசம்பு, கருஞ்சீரகம், இலவங்கப்பட்டை, மிளகு, கிராம்பு இவற்றைப் பொடித்துக் கற்பூரம் சேர்த்து, சிறு துணி முடிச்சுகளாகக் கட்டிச் சுவடிகளுக்கு அருகே வைக்கும் வழக்கம் உண்டு. நீங்களும் செய்யலாம். வாசனை போய்விட்டால் முடிச்சை மாற்ற வேண்டும். கிழிந்த பக்கத்தில் செல்லோ டேப் மட்டும் ஒட்டாதீர்கள். சில ஆண்டுகளில் டேப் உதிர்ந்து, மஞ்சள் கறை நின்றுவிடும்.

இன்னொன்று. தாத்தா பைண்டு செய்தபோது விளம்பரப் பக்கங்களைக் கழிக்காமல் விட்டிருந்தால் நீங்கள் பாக்கியசாலி. கல்கியின் எழுத்து 1999இல் நாட்டுடைமையானது. அவருடைய கதைகள் எந்தப் புத்தகக் கடையிலும் கிடைக்கும். கதைக்கு எதிர்ப்பக்கத்தில் இருக்கும் தலைவலித் தைல விளம்பரத்தை எங்கே போய்த் தேடுவீர்கள்?

விருதுநகர் வாசகி: கைபேசியில் படிப்பது படிப்பாகுமா?

ஆகும். மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் கீழ்ப் படுக்கைக்காரர் விழுப்புரம் வருமுன்பே விளக்கை அணைத்துவிடுகிறார். பிறகு போர்வைக்குள் கைபேசி வெளிச்சத்தில் படிக்காமல் வேறென்ன செய்வது? 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், தன்னார்வலர்கள் உட்கார்ந்து தட்டச்சு செய்த பழந்தமிழ் நூல்களை இலவசமாகத் தருகிறது. சங்கப் பாடலிலிருந்து பாரதி வரை இறக்கிக்கொள்ளலாம். ஆனால் படிக்கும்போது மற்றச் செயலிகளின் வாயை அடைத்துவிடுங்கள். புறநானூற்றின் நடுவில் ‘உங்கள் ஆர்டர் புறப்பட்டுவிட்டது’ என்று மணி அடித்தால் அது படிப்பாகாது.

கோவை வாசகர்: பாட்டு வந்தால் என் மனைவி ரிமோட்டால் தாண்டிவிடுகிறார். பாட்டே இல்லாத நல்ல தமிழ்ப்படம் ஒன்று சொல்லுங்கள்.

‘அந்த நாள்’, 1954. இயக்கியவர் எஸ். பாலசந்தர். ஆம், வீணை பாலசந்தரேதான். வாழ்நாளெல்லாம் வீணையோடு இருந்தவருக்குத்தான் பாட்டே வேண்டாம் என்று சொல்லும் துணிச்சல் வந்திருக்கிறது. 1943 அக்டோபரில் ஜப்பானிய விமானம் சென்னையில் குண்டு வீசியதை ஒட்டிய கதை. வானொலிப் பொறியாளர் ஒருவர் சுட்டுக் கொல்லப்படுகிறார். சந்தேகத்துக்கு ஆளானவர்கள் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். சிவாஜி கணேசனின் வேடம் நாயகனா வில்லனா என்று கடைசி வரை கணக்குப் போட வேண்டியிருக்கும். முப்பத்தைந்து வருடம் தொலைபேசி இணைப்பகத்தில் வேலை பார்த்தவள் என்பதால், படத்தில் கம்பியும் கருவியும் வரும் காட்சிகளில் எனக்குக் கொஞ்சம் கூடுதல் சுவாரசியம். உங்கள் மனைவிக்கு இதில் தாண்டுவதற்கு ஒன்றும் கிடைக்காது. கொலை செய்தவர் யார் என்று அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள்.

பெயர், ஊர் வேண்டாம் என்ற வாசகி: அம்மா, என் கணவர் இரண்டு மாதம் முன்பு காலமானார். மின்கட்டணம், கேஸ், வங்கி எல்லாம் அவருடைய கைபேசியில்தான். அதன் பூட்டு எண் எனக்குத் தெரியாது. கடைக்காரர் ‘எல்லாவற்றையும் அழித்துவிட்டுத் திறந்து தருகிறேன்’ என்கிறார். கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். அழித்துத் திறந்தால் கருவி மிஞ்சும், உள்ளே இருந்த படங்களும் குரலும் போய்விடும். கைபேசி அப்படியே இருக்கட்டும், மாதம் ஒருமுறை சார்ஜ் மட்டும் செய்யுங்கள்.

அவசரம் சிம் கார்டுக்குத்தான். தொடர்ந்து ரீசார்ஜ் செய்யுங்கள். விட்டுவிட்டால் இணைப்பு துண்டிக்கப்பட்டு, பிறகு அந்த எண் முன்பின் தெரியாத ஒருவருக்குப் போய்ச் சேரும். உங்கள் வீட்டுக் கணக்குகளின் ஓடிபியும் அவருக்கே போகும். ஒவ்வொரு இடத்திலும் உங்கள் எண்ணைப் பதிந்து முடித்த பிறகு சிம்மைப் பற்றி யோசிக்கலாம்.

மின்கட்டணத்துக்குக் கைபேசி வேண்டியதில்லை. பழைய ரசீதில் இருக்கும் இணைப்பு எண் போதும், மின்வாரியக் கவுன்ட்டரிலேயே கட்டலாம். பெயர் மாற்றம் நிதானமாகச் செய்துகொள்ளுங்கள். கேஸ் ஏஜென்சிக்கு இறப்புச் சான்றிதழும் உங்கள் ஆதாரும் எடுத்துக்கொண்டு நேரில் போங்கள். வங்கிக்கும் அப்படியே. அவருடைய ரகசிய எண் தெரிந்தாலும் ஏடிஎம்மில் பணம் எடுக்க வேண்டாம். நாளைக்குப் பங்காளி யாராவது கேள்வி கேட்பார். நாமினியாக உங்கள் பெயர் இருந்தால் பணம் சீக்கிரம் கைக்கு வரும். ஆனால் நாமினி என்பவர் வாங்கி வைப்பவர்தான், சட்டப்படி வாரிசுகளின் உரிமை தனி. அதனால் வாரிசுச் சான்றிதழுக்கும் இப்போதே விண்ணப்பியுங்கள்.

இந்த நேரத்தில் ‘வங்கியிலிருந்து பேசுகிறோம், கணக்கை மாற்றித் தருகிறோம்’ என்று இனிமையாக யாராவது அழைப்பார்கள். பதில் பேசாமல் வைத்துவிடுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள்.

இதைப் படிக்கும் கணவன்மார்களுக்கு: கூகுள் கணக்கு நெடுநாள் அசையாமல் இருந்தால் யாருக்குத் தகவல் போக வேண்டும் என்று முன்கூட்டியே குறித்து வைக்கும் வசதி அதன் அமைப்புகளில் இருக்கிறது. ஐபோனிலும் அதுபோல் ஒன்று உண்டு. அதெல்லாம் தலைவலி என்றால் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிப் பீரோவில் வையுங்கள். ‘அவளுக்கு எதற்கு இதெல்லாம்’ என்று மட்டும் சொல்லாதீர்கள். எனக்குக் கோபம் வரும்.

ஓசூர் வாசகி: இங்கே மார்கழிக் குளிரில் இட்லி மாவு பொங்குவதில்லை. கையால் கலக்கினால்தான் புளிக்கும் என்கிறார் என் அத்தை.

புளிக்க வைக்கும் நுண்ணுயிர்கள் உளுந்திலேயே இருக்கின்றன, கரண்டியால் கலக்கினாலும் பொங்கும். உங்கள் ஊரில் குறை சூட்டில்தான். மிக்சியில் ஐஸ் தண்ணீர் ஊற்றி அரைக்கும் பழக்கம் இருந்தால் குளிர்காலத்தில் அதை நிறுத்துங்கள். உளுந்தோடு கொஞ்சம் வெந்தயம் ஊறட்டும். பாத்திரத்தை, ஓடாமல் அணைத்து வைத்திருக்கும் மைக்ரோவேவ் அடுப்புக்குள், ஒரு டம்ளர் வெந்நீரோடு வைத்து மூடிவிடுங்கள். அத்தை கையால் கலக்க விரும்பினால் கலக்கட்டும், அதனால் மாவுக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

திருநெல்வேலி வாசகர்: மிஸ்டு கால் கொடுப்பவர்களைக் கண்டால் எரிச்சல் வருகிறது. உங்களுக்கு?

வராது. 2003 மே மாதத்துக்கு முன்பு, வரும் அழைப்புக்கும் நாம்தான் காசு கொடுத்தோம். ஒரு மணி அடித்தால் பஸ் ஏறியாயிற்று, இரண்டு அடித்தால் வீடு சேர்ந்தாயிற்று என்று குடும்பங்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட ஏற்பாடு அது. அதற்கும் முன்னால், உடனே இணைப்புக் கிடைக்க ‘லைட்னிங் கால்’ என்று பல மடங்கு கட்டணம் கட்டி, மூன்று நிமிடத்துக்குள் ஒரு சாவுச் செய்தியைச் சொல்லி முடித்தவர்களின் குரல்களை நான் காதில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு கேட்டிருக்கிறேன். காசு மிச்சம் பிடிப்பவர்மேல் எனக்குக் கோபமே வருவதில்லை. காலை ஐந்து மணிக்கு ரோஜாப்பூப் படம் அனுப்புகிறவர்கள்மேல் வருகிறது.

சேலம் வாசகர்: இப்போது என்ன படித்துக்கொண்டிருக்கிறீர்கள்?

உ.வே.சா.வின் ‘என் சரித்திரம்’, மறுபடியும். 1940இல் விகடனில் தொடராக எழுதத் தொடங்கியபோது அவருக்கு எண்பத்தைந்து வயது நெருங்கியிருந்தது. 1942இல் காலமானதால் முடிக்கவில்லை. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை மனத்திலிருந்தே பாடல்களைச் சொல்லிக்கொண்டு போக, மாணவர் ஏட்டில் எழுதும் பகுதியில் இருக்கிறேன். தடுமாறாமல் அந்த வேகத்துக்கு எழுத்தாணி ஓடியிருக்கிறது. அடுத்த வாரம் அவர் புத்தகம் பதிப்பித்த பகுதிக்கு வந்துவிடுவேன். பேத்தி விடுமுறைக்கு வந்தால் அதுவும் தள்ளிப்போகும்.