எங்கள் ஊர் முன்னாள் ராணுவத்தினர் 20 பேரின் முகத்தைப் பெரிய சைஸில் கருப்பு வெள்ளையில் படமெடுத்து, படச் சட்டத்துக்கு ரோஜா மாலை போட்டு, தேசியக் கொடியைப் போர்த்தி வைத்துத் திறந்து, படைவீரர் கொடிநாளன்று விழா எடுக்கப் போகிறோம். என்னென்ன கவனிக்க வேண்டும்?

உங்கள் கேள்வியில் மூன்று விஷயம் இருக்கிறது: பெரிய சைஸில் கருப்பு வெள்ளை முகம், படச் சட்டத்துக்கு ரோஜா மாலை, தேசியக் கொடியைப் போர்த்தி வைத்துத் திறப்பு. மூன்றையும் பட்டியலிலிருந்து இன்றைக்கே அடித்துவிடுங்கள்.

நம் பக்கத்தில் கருப்பு வெள்ளை முகத்துக்கு மாலை போட்டிருந்தால் அதற்கு அர்த்தம் ஒன்றுதான். நீடாமங்கலத்திலிருந்து மன்னார்குடி போய்ச் சேர்வதற்குள் எத்தனை கண்ணீர் அஞ்சலி பேனர் கண்ணில் படுகிறது! அந்தப் பெரியவர் முன்வரிசையில் உயிரோடு உட்கார்ந்திருக்க, சுவரில் அவர் படத்துக்கு மாலை தொங்கினால் வீட்டுப் பெண்கள் முகம் சுருங்கிவிடும். வெளிநாட்டில் இப்படித்தான் எடுக்கிறார்கள் என்று யாராவது கமெண்டில் வருவீர்கள். எடுக்கட்டும். அங்கே செத்தவர் படத்துக்குச் சந்தனமாலை போடுகிற வழக்கம் இல்லை. நீங்கள் கலரில், இடுப்பு வரைக்கும், இரண்டு கையும் தெரிகிற மாதிரி எடுங்கள். காலமானவர்கள் படம் வேறு சுவரில் இருக்கட்டும். விளக்கு, பூ எல்லாம் அங்கே மட்டும்.

கொடி விஷயம் ரசனை சார்ந்தது இல்லை, விதி. 2002இன் கொடி விதித்தொகுப்பு சிலை, நினைவுச்சின்னம் திறக்கும்போது கொடியை மூடுதுணியாக்கக் கூடாது என்கிறது. மேஜை விரிப்பாகவும் போடக் கூடாது. படத்தை மூட ஒரு வெள்ளை வேட்டி போதும். மேடையில் கொடியைக் கம்பத்தில் வைத்தால், கூட்டத்தைப் பார்த்து நிற்கும் பேச்சாளருக்கு வலது கைப் பக்கம்.

தேதி. டிசம்பர் 7 கொடிநாள் சரிதான், 1949லிருந்து அன்றுதான். ஆனால் டெல்டாவில் அது வடகிழக்குப் பருவமழை நேரம். பள்ளி மைதானத்தில் பந்தல் போட்டுவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள், கல்யாண மண்டபம் பிடியுங்கள். முன்னாள் படைவீரர் தினமான ஜனவரி 14க்கு மாற்றலாமே என்று யாராவது சொல்வார்கள். அது போகியிலோ பொங்கலிலோ போய் விழும், ஒருத்தரும் வரமாட்டார்கள். படமெடுக்கிற வேலையை மட்டும் செப்டம்பருக்குள் முடித்துவிடுங்கள்.

எடுக்க நல்ல இடம் ஓட்டு வீட்டுத் திண்ணை. காலையில் என்றால் மேற்குப் பார்த்த திண்ணை. கிழக்குப் பார்த்ததில் நேர் வெயில் அடித்துக் கண் சுருங்கும். திண்ணை விளிம்பில் முதுகில்லாத ஸ்டூல் போட்டு, தெருப் பக்கம் பாதி திரும்பி உட்காரச் சொல்லுங்கள். பின்னால் கதவைத் திறந்து வைத்தால் கூடத்து இருட்டே கறுப்புப் பின்னணி ஆகிவிடும். நிழல் விழுகிற கன்னத்துக்கு இரண்டடித் தூரத்தில் வெள்ளைத் தெர்மோகோல் அட்டை ஒன்று. வேறு விளக்கு தேவையில்லை. பச்சை வலைப் பந்தல், ரோஸ் கலர் ஷாமியானா, நீலத் தார்ப்பாய் இவற்றுக்கு அடியில் மட்டும் எடுக்காதீர்கள். அந்த நிறம் முகத்தில் இறங்கிவிடும், கம்ப்யூட்டரில் சரிசெய்யப் போனால் சட்டை நிறம் கெடும்.

ஃபுல் ஃபிரேம் (பெரிய சென்சார்) கேமராவுக்கு 85 எம்.எம். லென்ஸ், சின்ன சென்சார் என்றால் 50. ஆறேழு அடி தள்ளி நில்லுங்கள். லென்ஸ் திறப்பு எஃப் 5.6, ஷட்டர் 1/125 விநாடி, ஐ.எஸ்.ஓ. 400இல் தொடங்குங்கள். எஃப் 1.8 வைத்தால் ஒரு கண் தெளிவாகவும் மறு காது கரைந்தும் போகும், நெஞ்சில் இருக்கும் மெடலும் மங்கும். வெள்ளை வேட்டி சட்டையைப் பார்த்தால் கேமரா வெளிச்சம் அதிகம் என்று ஏமாந்து முகத்தை இருட்டாக்கும். ஸ்பாட் மீட்டரிங் வைத்து முகத்தில் அளவெடுங்கள், பின்னால் திருத்த வசதியாக ரா ஃபைலில் எடுங்கள். கண்ணாடி போட்டவர் என்றால் காதுக்கு மேலே கம்பியை அரை அங்குலம் தூக்கிவிட்டால் பளபளப்பு மறையும். பல்செட்டு போட்டுக்கொள்கிறாரா என்று முதலிலேயே வீட்டாரிடம் கேட்டுவிடுங்கள். பிளேசர் போட்டிருந்தால் பின்பக்கத்தைக் கீழே இழுத்து அதன் மேலேயே உட்காரவையுங்கள், காலர் கழுத்துக்கு ஏறாது. ஆளுக்கு அரை மணி நேரம் வையுங்கள். காலை ஏழரையிலிருந்து பத்து மணி வரைக்கும்தான் இந்த வெளிச்சம். அப்படிப் பார்த்தால் ஒரு நாளைக்கு ஐந்து பேர், மொத்தம் நான்கு நாள்.

சல்யூட் அடிக்கச் சொல்லாதீர்கள். தலையில் தொப்பி இல்லாமல் கையெடுத்து சல்யூட் அடிப்பது நம் ராணுவத்தில் கிடையாது. வெறுந்தலையோடு வேட்டியில் நிற்கும் 80 வயதுக்காரரை அப்படிச் செய்யவைத்தால், படம் பார்க்கும் பட்டாளத்துக்காரர் எல்லோரும் சிரிப்பார்கள். பழைய யூனிஃபார்மைத் தேடி எடுத்து மாட்டவும் வேண்டாம். வெள்ளைச் சட்டையும் மெடலும் போதும். யூனிட் பெரே தொப்பி இருந்தால் சின்னம் இடது கண்ணுக்கு மேல், துணி வலப்பக்கம் சரிந்திருக்க வேண்டும்.

மெடல் இடது மார்பில். மதிப்பில் உயர்ந்த மெடல் நெஞ்சின் நடுப்பக்கமாக, மற்றவை அதிலிருந்து தோள் நோக்கி. எது முதலில் என்று அவருக்கே தெரியும், நீங்கள் வரிசை மாற்றாதீர்கள். 1965 போருக்கு சமர் சேவா ஸ்டார், 1971 போரில் கிழக்கில் இருந்தவருக்குப் பூர்வி ஸ்டார், மேற்கில் இருந்தவருக்குப் பச்சிமி ஸ்டார். புளி போட்டு விளக்காதீர்கள், விளிம்பில் பொறித்திருக்கும் பெயரும் எண்ணும் தேயும். ரிப்பன் நைந்திருந்தால் ராணுவச் சாமான் கடையில் புதிது கிடைக்கும். மெடல் தொலைந்துவிட்டது என்பவருக்கு யாரிடமாவது கடன் வாங்கிக் குத்துவது மட்டும் கூடவே கூடாது. கணவரின் மெடலோடு வரும் அம்மாக்கள் வலது பக்கம் குத்த வேண்டும். புடவையில் கனம் தாங்காமல் துணி இழுபடும், அதனால் வெல்வெட் அட்டையில் குத்தி மடியில் வைக்கலாம்.

இங்கே ஒரு பொருமல். ஆல்பம் டிசைன் செய்கிறவர்கள் அழகுக்காகப் படத்தை இடம் வலமாகத் திருப்பிவிடுகிறார்கள். மெடல் வலது பக்கம் போய்விடும், சட்டைப் பட்டனும் மாறிவிடும். செல்ஃபி கேமராவிலும் இதே தொல்லை. அது போதாதென்று முகத்தைச் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுப்பாக்கி, கன்னத்துச் சுருக்கத்தை எல்லாம் இஸ்திரி போட்டு அனுப்புவார்கள். லடாக் குளிரையும் ராஜஸ்தான் வெயிலையும் பார்த்த தோல் அது! வெளுப்பு வேண்டாம், சுருக்கத்தில் கை வைக்காதே என்று எழுதிக் கொடுத்து ஆர்டர் செய்யுங்கள். ஸ்டுடியோக்காரர்கள் என் மேல் கோபப்பட்டாலும் பரவாயில்லை.

படத்துக்குக் கீழே பதவி, பெயர், யூனிட், பணியாற்றிய ஆண்டுகள். ராணுவத்திலிருந்து விடுவித்தபோது கொடுத்த டிஸ்சார்ஜ் புத்தகத்தைப் பார்த்து எழுதுங்கள், பேரன் சொல்வதை வைத்து அல்ல. நாயப் சுபேதாரை ஹவில்தார் என்று அச்சடித்தால் விழாவே வீண். சர்வீஸ் நம்பர், பென்ஷன் நம்பர் எதையும் வெளியே போடாதீர்கள். எல்லோருக்கும் மெட்ராஸ் ரெஜிமென்ட் யானைச் சின்னத்தை ஒட்டிவிடுவதும் நடக்கிறது. சாப்பர்ஸ் (பொறியாளர் படை), சிக்னல்ஸ் (தகவல்தொடர்பு), ஏ.எஸ்.சி. (வழங்கல் படை) என்று ஆளுக்கு ஒரு சின்னம் உண்டு. 1987இலிருந்து 1990 வரை அமைதிப்படையில் இலங்கை போனவர் இருந்தால், அதைப் போடலாமா என்று தனியாகக் கேளுங்கள். மேடையில் மைக்கை நீட்டி அதைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

பிரின்ட் 12க்கு 18 அங்குலம், மேட் தாள். கேமராவின் 3:2 அளவுக்கு அது அப்படியே பொருந்தும், தலையோ கையோ வெட்டுப்படாது. கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவில் மவுன்ட் அட்டை கட்டாயம், இல்லாவிட்டால் நம் ஊர் ஈரத்தில் இரண்டு மழைக்காலத்தில் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒட்டிப்போன பழைய இளவயதுப் படத்தைக் காட்டினால் பிய்க்காதீர்கள். கண்ணாடியோடே திண்ணை வெளிச்சத்தில் வைத்து, கேமராவுக்குப் பின்னால் கறுப்புத் துணி பிடித்துப் பிரதி எடுங்கள். டிஸ்சார்ஜ் புத்தகத்தையும் அன்றே பக்கம் பக்கமாக எடுத்து வீட்டாரிடம் கொடுத்துவிடுங்கள். 2018 நவம்பரில் கஜா புயல் ஓட்டைத் தூக்கிய வீடுகளில் காகிதம் என்ன ஆனது என்று வேதாரண்யம் பக்கம் கேட்டால் சொல்வார்கள்.

கணவனும் மனைவியுமாக ஒரு படம் சேர்த்து எடுங்கள். பென்ஷன் காகிதங்களுக்கும் ஜாயின்ட் போட்டோதான் கேட்பார்கள். ராணுவ ரெக்கார்டில் மனைவி பெயர் ஒரு மாதிரி, ஆதாரில் ஒரு மாதிரி இருப்பதால் குடும்ப ஓய்வூதியத்துக்கு அலையும் அம்மாக்கள் எத்தனையோ பேர். கணவர் உயிரோடு இருக்கும்போதே ஓர் எழுத்தைத் திருத்த யாருக்கும் நேரமில்லை, ஊருக்கு மிலிட்டரிக்காரர் ஞாபகம் வருவது கேன்டீன் பாட்டிலுக்குத்தான். கேள்விக்கு வெளியே போய்விட்டேன். ஆனாலும் மண்டப வாசலில் ஒரு மேஜை போட்டு, மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திலிருந்து ஒருவரை உட்காரவைத்தால் பொன்னாடையைவிடப் பிரயோசனம்.

விழா இரண்டு மணி நேரம், பத்து முதல் பன்னிரண்டு. தமிழ்த்தாய் வாழ்த்து 55 விநாடி, முடிவில் தேசிய கீதம் 52 விநாடி. ஒவ்வொருவரைப் பற்றியும் மூன்று வரி படித்தால் 20 பேருக்கும் கால் மணி நேரத்தில் முடியும். பெரியவர்களை மேடைக்கு ஏற்றாமல், பிரமுகர்கள் கீழே இறங்கி வந்து சால்வை போடட்டும். கைப்பிடி உள்ள நாற்காலி, பக்கத்திலேயே வெஸ்டர்ன் டாய்லெட், பன்னிரண்டரைக்கு இலை. பாதிப் பேர் சர்க்கரை மாத்திரை போட்டிருப்பார்கள். அதிர்வேட்டுக்காரருக்கு மட்டும் அன்றைக்கு லீவு கொடுத்துவிடுங்கள்.