ஆள் இருக்கிறதா இல்லையா என்று வீடே முடிவு பண்ணினால்?

இந்த முறை வந்த கேள்விகளில் மிக்சி, கிரைண்டர் எல்லாம் பின்னால் போய்விட்டன. ஆள் வந்தால் எரியும் விளக்கு, நாம் கிளம்பினால் தானே அணையும் ஏசி என்று இடமும் நேரமும் பார்த்து நடந்துகொள்ளும் பொருள்களைப் பற்றித்தான் நிறையப் பேர் கேட்டிருக்கிறார்கள். ஆறு கேள்விகளை எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: பெங்களூரில் இருக்கும் மகன் தீபாவளிக்கு வந்தபோது வீடு முழுக்க சென்சார் விளக்கு போட்டுவிட்டுப் போனான். மார்கழி வரை நன்றாகத்தான் இருந்தது. சித்திரை பிறந்ததிலிருந்து, மாடி அறையில் உட்கார்ந்து படிக்கும்போதே விளக்கு அணைந்துவிடுகிறது. எழுந்து நடந்தாலும் சில நேரம் எரிவதில்லை. சென்சார் பழுது, மாற்ற வேண்டும் என்கிறார் கடைக்காரர். மாற்றலாமா? (ஓய்வு பெற்ற ஆசிரியை, சத்துவாச்சாரி)

பதில்: கொஞ்சம் பொறுங்கள் அம்மா. சென்சார் மேல் பழி போடும் முன் வேலூர் வெயிலைப் பார்க்க வேண்டும்.

உங்கள் வீட்டில் இருப்பது அநேகமாக பி.ஐ.ஆர். வகை. கடைகளில் மோஷன் சென்சார் என்று விற்பதில் பெரும்பாலானவை இதுதான். அது உங்களைக் கண்ணால் பார்ப்பதில்லை. உடம்பிலிருந்து வரும் வெப்பக் கதிர், சுவரின் வெப்பத்திலிருந்து வேறுபட்டு, ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நகர்கிறதா என்று மட்டும் பார்க்கிறது. நம் தோலின் மேற்பரப்பு 33, 34 டிகிரி இருக்கும். மார்கழியில் சுவர் 24 டிகிரி என்றால் நீங்கள் அதற்குப் பளிச்சென்று தெரிவீர்கள். மே மாதம் வெளியே 40-ஐத் தாண்டும் நாளில், மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் அறையின் சுவரே 35, 36-க்கு வந்துவிடும். சுவரும் நீங்களும் அதற்கு ஒன்றுதான். அக்னி நட்சத்திரத்தில் நடந்தாலும் எரியாததற்கு இதுவே முதல் சந்தேகம். சரிபார்ப்பது சுலபம். விடியற்காலையில் அறை குளிர்ந்திருக்கும்போது ஒருமுறை நடந்து பாருங்கள். அப்போது ஒழுங்காக எரிந்தால் பொருள் பழுதில்லை.

உட்கார்ந்து படிக்கும்போது அணைவது வேறு கதை. அசையாத ஆளை இந்த வகை சென்சார் எந்தப் பருவத்திலும் கண்டுகொள்ளாது. என் வீட்டுக் கழிவறையில் இதை மாட்டிவிட்டு, கும்மிருட்டில் உட்கார்ந்து கையை ஆட்டிக்கொண்டிருந்த அனுபவம் எனக்கே உண்டு. நடைவழி, மாடிப்படி, ஸ்டோர் ரூம் மாதிரி ஆள் கடந்து போகும் இடங்களுக்கு அது போதும். படிக்கிற, பூஜை செய்கிற, படுக்கிற இடத்துக்கு வேண்டாம். மாடி அறை விளக்கை மட்டும் பழையபடி சுவிட்சுக்கு மாற்றிவிடுங்கள்.

மகனிடம் இன்னும் இரண்டு விஷயம் கேளுங்கள். கரண்ட் போய் வந்ததும் பல்புகள் எந்த நிலையில் இருக்க வேண்டும் என்று செயலியில் ஓர் அமைப்பு இருக்கும். பல பல்புகளில் கடையிலிருந்து வரும்போதே அது 'முழு வெளிச்சம்' என்று இருக்கும். ராத்திரி 2 மணிக்குக் கரண்ட் வந்தால் வீடே கல்யாண மண்டபம் மாதிரி எரியும். அதை 'முன்பிருந்த நிலை' என்று மாற்றச் சொல்லுங்கள். அப்புறம், மொத்தம் எத்தனை பொருள் மாட்டினான் என்று எண்ணிப் பாருங்கள். அணைந்திருக்கும்போதும் இவை விழித்தே இருக்கும். ஒன்றுக்கு 1 வாட் என்று வைத்தால்கூட, 20 பொருள் இரண்டு மாதத்தில் ஏறக்குறைய 29 யூனிட் சாப்பிடும். இலவச 100 யூனிட்டில் கால்வாசிக்கு மேல், எதுவும் எரியாமலே போய்விடும்.

கேள்வி: நானும் கணவரும் வேலைக்குக் கிளம்பினால் வீட்டில் விளக்கு, ஃபேன், டிவி எல்லாம் தானே அணையும்படி போனில் செட் பண்ணியிருக்கிறோம். போன் வீட்டைத் தாண்டினால் அணைந்துவிடும். பிரச்சினை என்னவென்றால் அத்தை வீட்டில்தான் இருக்கிறார்கள். "நீங்க ரெண்டு பேரும் போனா நான் ஆளே இல்லையா?" என்று கேட்டுவிட்டார்கள். அவர்களுக்கும் ஒரு ஸ்மார்ட்போன் வாங்கித் தந்தால் தீருமா? (வாசகி, வாலாஜாபேட்டை)

பதில்: அத்தை கேட்டது நியாயமான கேள்வி. இந்த ஏற்பாட்டுக்கு ஆள் என்றால் போன். போன் இல்லாதவர் கணக்கில் இல்லை. போன் வாங்கித் தந்தாலும் பயனில்லை, பெரியவர்கள் அதைச் சார்ஜில் போட்டுவிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போவார்கள். அப்போது வீடு நேர்மாறாகத் தப்புக் கணக்குப் போடும்.

போனின் இருப்பிடத்தை வைத்துப் போடும் இந்த வேலி அவ்வளவு நுணுக்கமானதும் அல்ல. 100, 150 மீட்டருக்குக் குறைவாக வட்டம் போட்டால் தடுமாறும். பேட்டரியை மிச்சம் பிடிக்கிறேன் என்று போனே அந்தச் செயலியைத் தூங்க வைத்துவிடுவதும் உண்டு.

ஒரு வீட்டில் நாலு பேர் இருந்தால் நாலு விதமான தேவை இருக்கும். அதனால் "யாரும் இல்லை" என்ற விதியை எடுத்துவிட்டு, "எங்கள் அறையில் யாரும் இல்லை" என்று சுருக்குங்கள். உங்கள் படுக்கையறை ஏசி, விளக்கு மட்டும் போனைப் பார்த்து அணையட்டும். கூடம், சமையலறை, அத்தையின் அறை மூன்றும் எந்த விதியிலும் சேர வேண்டாம். மொத்தமாக அணைக்க வேண்டுமானால் வாசற்கதவுப் பக்கம் ஒரு பொத்தான் வைத்து, கடைசியில் கிளம்புகிறவர் அழுத்திவிட்டுப் போகட்டும். கதவுப் பூட்டை மட்டும் எக்காரணம் கொண்டும் இந்த வட்டத்தோடு இணைக்காதீர்கள்.

கேள்வி: வேலூரில் சி.எம்.சி. மருத்துவமனைக்குப் பக்கத்தில் சிறிய லாட்ஜ் நடத்துகிறேன். தங்குபவர்கள் ஏசியைப் போட்டுவிட்டு வெளியே போய்விடுகிறார்கள், மின் கட்டணம் தாங்கவில்லை. அறையில் ஆள் இல்லாவிட்டால் கரண்ட்டைத் துண்டிக்கும் சென்சார் போடலாம் என்று ஒருவர் விலைப்பட்டியல் கொடுத்திருக்கிறார். வாங்கலாமா? (லாட்ஜ் உரிமையாளர்)

பதில்: உங்கள் லாட்ஜில் தங்குவது சுற்றுலாப் பயணிகள் இல்லை. வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் நோயாளியைக் கூட்டிக்கொண்டு வந்து, வாரக்கணக்கில் காத்திருக்கும் குடும்பங்கள். இதை மறந்துவிட்டு விலைப்பட்டியலைப் பார்த்தால் தப்பான பொருளைத்தான் வாங்குவீர்கள்.

ஆபரேஷன் முடிந்து வந்தவர் கட்டிலில் அசையாமல் படுத்திருப்பார். மேலே ஆசிரியை அம்மாவுக்குச் சொன்ன சென்சாரை அங்கே போட்டால், அரை மணி நேரத்தில் "அறை காலி" என்று முடிவுகட்டி ஏசியை அணைக்கும். நட்சத்திர ஹோட்டல் மாதிரி சாவி அட்டையைச் செருகும் முறையும் உங்களுக்கு ஆகாது. கூட இருப்பவர் மருந்து வாங்க அட்டையை எடுத்துக்கொண்டு இறங்கினால், நோயாளி இருட்டில் கிடப்பார்.

ரேடார் வகை சென்சார் ஒன்று இருக்கிறது. 24 அல்லது 60 கிகாஹெர்ட்ஸ் என்று பெட்டியில் போட்டிருக்கும். மூச்சு விடும்போது மார்பு ஏறி இறங்கும் அசைவைக்கூட அது பிடிக்கும். உங்களுக்குப் பொருத்தமானது அதுதான். ஆனால் அதற்கும் வில்லங்கம் உண்டு. சுழலும் சீலிங் ஃபேனையும், ஆடும் திரைச்சீலையையும் ஆள் என்று எண்ணிக்கொள்ளும். அறைகளுக்கு நடுவே பிளைவுட் தடுப்பு என்றால் அடுத்த அறைக்காரரையும் சேர்த்து எண்ணும். ஆகவே எல்லா அறைக்கும் ஆர்டர் கொடுக்காதீர்கள். ஒரே அறையில் இரண்டு வாரம் மாட்டிப் பாருங்கள். ஃபேன் ஓடும்போது காலி அறையைக் காலி என்று சொல்கிறதா, போர்த்திக்கொண்டு தூங்குபவரை ஆள் என்று சொல்கிறதா என்று நீங்களே படுத்துப் பார்த்துச் சோதியுங்கள். விற்பவர் இதற்குச் சம்மதிக்கவில்லை என்றால் வேறு ஆளைப் பாருங்கள்.

சென்சார் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் கரண்ட்டைத் துண்டிக்கும் அதிகாரத்தை அதற்குக் கொடுக்க வேண்டாம். ஆள் இல்லை என்று தோன்றினால் ஏசியை 28 டிகிரிக்கு ஏற்றட்டும், அவ்வளவு போதும். ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சம் என்பது எரிசக்தித் திறன் பணியகத்தின் கணக்கு. சென்சார் ஏமாந்தாலும் நோயாளிக்குக் கொஞ்சம் புழுக்கம், அதோடு போகும். அதையும் மாற்றிக்கொள்ளக் கட்டிலுக்குப் பக்கத்தில் கைக்கு எட்டும் இடத்தில் ஒரு பொத்தான் வையுங்கள். அதில் தமிழோடு வங்காளமும் இந்தியும் எழுதி ஒட்டுங்கள்.

பட்டியலில் கேமராவோ மைக்கோ உள்ள பொருள் இருந்தால் அப்படியே அடித்துவிடுங்கள். தங்கும் அறைக்குள் அவற்றுக்கு வேலையே இல்லை. யார் எந்த அறையில் எத்தனை மணிக்கு இருந்தார் என்ற பதிவை உங்கள் வருகைப் பதிவேட்டுப் பெயரோடு இணைத்துக் கணினியில் வைத்தால் அது தனிநபர் தரவு ஆகிவிடும். 2023-ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அதற்குப் பொருந்தும். சென்சார் ஆள் உண்டு, இல்லை என்று சொன்னால் போதும். நேற்று என்ன சொன்னது என்று சேமித்து வைக்க வேண்டியதில்லை.

கேள்வி: போர் மோட்டாரை 16 ஆம்பியர் ஸ்மார்ட் பிளக்கில் போட்டு, தொட்டி நிரம்பினால் போனிலேயே நிறுத்தலாமா? (வாசகர், ஆம்பூர்)

பதில்: வேண்டாம். 1 எச்.பி. என்றால் 746 வாட்தானே என்று கணக்குப் போடுவார்கள். மோட்டார் கிளம்பும் நொடியில் ஓடும்போது இழுப்பதைப் போல ஐந்தாறு மடங்கு இழுக்கும். பிளக்கின் உள்ளே கரண்ட்டை இணைத்துத் துண்டிக்கும் சிறு சுவிட்சான ரிலே ஒருநாள் ஒட்டிக்கொள்ளும். போனில் அணைந்ததாகக் காட்டும், மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். ஸ்டார்ட்டரும், மோட்டார் மாதிரிப் பெரிய சுமைக்கென்றே செய்த சுவிட்சான கான்டாக்டரும் மோட்டாரைத் தாங்கட்டும், போன் வழியாக வருவது அவற்றுக்குக் கட்டளை கொடுப்பதோடு நிற்கட்டும். தொட்டியில் மட்டம் பார்க்கும் ஃப்ளோட் சுவிட்சும், போரில் தண்ணீர் இல்லாவிட்டால் நிறுத்தும் பாதுகாப்பும் இணையம் இல்லாமலே வேலை செய்ய வேண்டும். பாலாற்றங்கரையில் இருந்துகொண்டு வறண்ட போரில் மோட்டார் ஓடினால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி: பொறியியல் கடைசி வருடம். சூழல் அறிந்து இயங்கும் சேவைகள் பற்றி புராஜெக்ட். ரெடிமேட் கிட் ஒன்று ஒன்பதாயிரம் ரூபாய் சொல்கிறார்கள். வாங்கலாமா சார்? வெறும் ஆட்டோமேட்டிக் விளக்குக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று வைவாவில் கேட்டால் என்ன சொல்வது? (மாணவர், காட்பாடி)

பதில்: தம்பி, கிட் வேண்டாம். ஈ.எஸ்.பி.32 என்ற வைஃபை உள்ள சிறு கணினி போர்டு இரண்டு, ஒரு பி.ஐ.ஆர்., ஒரு ரேடார் சென்சார், ஒரு ரிலே வாங்குங்கள், இரண்டாயிரத்துக்குள் முடிக்கப் பாருங்கள். பழைய லேப்டாப்பில் ஹோம் அசிஸ்டன்ட் என்ற மென்பொருளைப் போட்டுக்கொள்ளுங்கள். திறந்த மூலம், இலவசம், எல்லாம் உங்கள் வீட்டுக்குள்ளேயே ஓடும்.

வைவாவுக்கு வருவோம். இருட்டினால் எரியும் தெருவிளக்கு ஆட்டோமேட்டிக். அது ஒரே ஒரு விஷயத்தைப் பார்க்கிறது. இருட்டிவிட்டது, ஆனால் குழந்தை தூங்குகிறது, அதனால் மங்கலாக எரியலாம் என்று நாலைந்தைச் சேர்த்துப் பார்த்து நடப்பது சூழலறிதல். எங்கும் நிறைந்த கணினி என்ற எண்ணத்தை 1980-களின் கடைசியில் முன்வைத்தவர் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தின் மார்க் வைசர். சூழலறிதல் என்ற பெயரை 1994-இல் பில் ஷிலிட்டும் மார்வின் தைமரும் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். அதற்கும் முன்பே கேம்பிரிட்ஜில் ஒலிவெட்டி ஆய்வகத்தில் சட்டையில் குத்தும் பேட்ஜ் செய்தார்கள். அது அகச்சிவப்புக் கதிரில் "நான் இங்கே" என்று சொல்லிக்கொண்டே இருக்கும். ஆள் எந்த அறையில் இருக்கிறாரோ அந்த அறைக்கே அவருடைய டெலிபோன் அழைப்பை அனுப்புவதற்கு அது பயன்பட்டது.

சேவைகளை நிர்வகிப்பதுதான் கஷ்டமான பகுதி. இரண்டு விதிகள் ஒன்றோடொன்று மோதும்போது எது ஜெயிக்கும்? சென்சார் இரண்டும் வேறு வேறாகச் சொன்னால் எதை நம்புவது? வாலாஜாபேட்டை அத்தை கதையை உங்கள் அறிக்கையில் உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

கேள்வி: இரண்டு வருடம் முன்பு ஆன்லைனில் வாங்கிய ஸ்மார்ட் சுவிட்ச் பெட்டி. போன மாதம் கம்பெனி "இந்தச் சேவை நிறுத்தப்படுகிறது" என்று மெயில் அனுப்பியது. இப்போது செயலி திறக்கவே இல்லை. பொருள் நன்றாக இருக்கிறது, ஆனால் வேலை செய்யவில்லை. வாரண்டி முடிந்துவிட்டது என்கிறார்கள். ஏதாவது வழி உண்டா? (வாசகர், குடியாத்தம்)

பதில்: உங்களுக்கு மட்டும் நடந்ததல்ல. அமெரிக்காவில் வீட்டின் ஸ்மார்ட் பொருள்களை ஒரே இடத்திலிருந்து இயக்கும் ரிவால்வ் என்ற 299 டாலர் பெட்டியை, அந்தக் கம்பெனியை வாங்கிய நெஸ்ட் 2016 மே மாதத்தில் நிறுத்தியது. வாங்கியவர்கள் கையில் வெறும் பிளாஸ்டிக்தான் மிஞ்சியது. பெட்டி உங்கள் வீட்டில் இருந்தாலும் முடிவெடுக்கும் மூளை எங்கோ ஒரு சர்வரில் இருந்தால் இதுதான் கதி.

வாரண்டி முடிந்தது என்பதோடு விஷயம் முடிந்துவிடாது. சேவை இத்தனை வருடம்தான் இருக்கும் என்று விற்கும்போது பெட்டியிலோ விளம்பரத்திலோ சொன்னார்களா என்று பாருங்கள். சொல்லவில்லை என்றால், அல்லது 'ஆயுள் முழுக்க' என்று சொல்லியிருந்தால், சேவைக் குறைபாடு என்று வாதிட இடம் இருக்கிறது. பில், விளம்பரப் படம், அந்த மெயில், செயலி திறக்காததைக் காட்டும் ஸ்கிரீன்ஷாட் நான்கையும் இன்றே எடுத்து வையுங்கள். விளம்பரப் பக்கம் நாளைக்கு இருக்காது.

முதலில் கம்பெனிக்கும் விற்ற தளத்தின் குறைதீர் அதிகாரிக்கும் எழுத்தில் அனுப்புங்கள். அசையவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் பலன் இல்லாவிட்டால் வேலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி, கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். வாங்கிய நாளை விட்டுவிட்டு, சேவை நின்ற நாளைப் புகாரில் தெளிவாகக் குறிப்பிடுங்கள்.

அடுத்த முறை கடையில் செய்து காட்டச் சொல்லும்போது, "வைஃபை இருக்கட்டும், இணையத்தை மட்டும் துண்டியுங்கள், இப்போது போடுங்கள் பார்ப்போம்" என்று கேளுங்கள். விளக்கு எரிந்தால் பெட்டியைக் கையில் எடுங்கள். பழைய பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள், ஆணையத்தில் காட்டச் சொன்னால் அதுதான் சாட்சி.