டாக்டரைப் பற்றி கூகுளில் எழுதினேன், வக்கீல் நோட்டீஸ் வந்துவிட்டது

கேள்வி: எங்கள் வீடு களியக்காவிளையில். 5 வயது மகனுக்கு அடிக்கடி காதடைப்பு, ராத்திரி குறட்டை. திருவனந்தபுரத்தில் குழந்தைகளுக்கான காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டினோம். உடனே அடினாய்டு (மூக்கின் பின்புறம் இருக்கும் சதை) ஆபரேஷன் செய்து, காதில் தேங்கிய நீர் வற்ற செவிப்பறையில் குரோமெட் என்ற சிறு குழாயும் வைக்க வேண்டும் என்றார். நாகர்கோவிலில் இன்னொரு டாக்டர் மூன்று மாதம் பொறுக்கச் சொன்னார். காதில் தேங்கிய நீர் தானே வற்றிவிட்டது. கோபத்தில் கூகுளில் ஒரு ஸ்டார் போட்டு, "போலி டாக்டர், காசுக்காகக் குழந்தையை அறுப்பவர்" என்று எழுதினேன். மச்சினனும் தன் பெயரில் ஒன்று எழுதினான். 15 நாளில் நீக்கி, மன்னிப்புக் கேட்டு, 10 லட்சம் தரச் சொல்லி நோட்டீஸ் வந்திருக்கிறது. ஜெயிலுக்குப் போக நேருமா?

பதில்: நோட்டீஸ் வேறு, வழக்கு வேறு. 15 நாள் என்பது அந்த வக்கீல் வைத்த கெடு, சட்டம் வைத்ததல்ல. ஆனாலும் அதற்குள் பதில் அனுப்பிவிடுங்கள். டாக்டருக்கு நீங்களே போன் செய்ய வேண்டாம். நேரில் போய்ச் சத்தம் போடவே வேண்டாம்: மருத்துவப் பணியாளர்களைப் பாதுகாக்கும் கேரளத்தின் 2012ஆம் ஆண்டுச் சட்டத்தை 2023இல் திருத்தி, வாயால் இழிவுபடுத்துவதையும் குற்றமாக்கியிருக்கிறார்கள்.

ஜெயில் பயத்தை முதலில் பார்ப்போம். அவதூறு இப்போது, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356வது பிரிவில் வருகிறது. அதிகபட்சம் 2 ஆண்டு வெறுங்காவல், அல்லது அபராதம், அல்லது இரண்டும், அல்லது சமூக சேவை. ஜாமீனில் விடக்கூடிய குற்றம். மாஜிஸ்திரேட் உத்தரவில்லாமல் போலீஸ் விசாரிக்க முடியாது. டாக்டர்தான் மாஜிஸ்திரேட்டிடம் புகார் கொடுக்க வேண்டும். அதை ஏற்கும் முன் உங்கள் தரப்பையும் கேட்டாக வேண்டும். ஸ்டேஷனிலிருந்து அழைத்தால், கோர்ட் உத்தரவின் நகலைப் பணிவாகக் கேளுங்கள். நோட்டீஸில் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66ஏ (இணையத்தில் புண்படுத்தும் செய்தி அனுப்புவது பற்றிய பிரிவு) என்று இருந்தால் அதற்காகக் கலங்க வேண்டாம். அந்தப் பிரிவை 2015லேயே உச்ச நீதிமன்றம் செல்லாது என்று அறிவித்துவிட்டது. பழைய மாதிரியைப் பார்த்து அடிக்கும் நோட்டீஸ்களில் இன்னும் வருகிறது.

உங்கள் பலவீனம் அந்த இரண்டு சொற்றொடர்களில்தான். "போலி டாக்டர்" என்பது அபிப்பிராயம் அல்ல, உண்மையா பொய்யா என்று சரிபார்க்கக்கூடிய கூற்று. மெடிக்கல் கவுன்சிலில் அவர் பெயர் பதிவாகியிருந்தால் அந்தச் சொல்லைக் காப்பாற்ற எந்த வக்கீலாலும் முடியாது. "காசுக்காக" என்றால் அவர் மனதில் இருந்ததை நீங்கள் நிரூபிக்க வேண்டும். ஒரு டாக்டர் ஆபரேஷன் என்பதும் இன்னொருவர் பொறுங்கள் என்பதும் மருத்துவத்தில் சகஜம். காதில் நீர் தேங்கினால் பல குழந்தைகளுக்கு மூன்று மாதத்தில் தானே சரியாகும். சரியாகாதவர்களுக்குக் குரோமெட் நல்ல சிகிச்சைதான். அடினாய்டு பெரிதாக இருப்பதும் குறட்டைக்குக் காரணமாகலாம். ஆக, அவர் சொன்னது அவசரமாக இருக்கலாம், மோசடி என்று ஆகிவிடாது.

செய்ய வேண்டியது: முதலில் இரண்டு பதிவுகளையும் தேதி, பெயர், இணைப்பு முகவரி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். மச்சினன் அந்தக் கிளினிக்குக்குப் போயே இருக்கமாட்டார் என்று ஊகிக்கிறேன். போகாதவர் எழுதியது நல்லெண்ணம் என்ற உங்கள் எதிர்வாதத்தையே கெடுக்கும். அதை இன்றே எடுத்துவிடச் சொல்லுங்கள். உங்களுடையதையும் நீக்கிவிட்டு, "உரிமைகளை விட்டுக்கொடுக்காமல், குற்றத்தை ஒப்புக்கொள்ளாமல் நீக்கியிருக்கிறேன்" என்று பதில் நோட்டீஸில் எழுதச் சொல்லுங்கள். 10 லட்சம் ஏற்க இயலாது என்பதும் அதில் இருக்கட்டும். அந்த இரண்டு சொற்களுக்கு மட்டும் வருத்தம் தெரிவிப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

மறுபடி எழுத ஆசையிருந்தால் இப்படி எழுதுங்கள்: "இந்தத் தேதியில் மகனைக் காட்டினோம். பரிசோதனை 5 நிமிடம். டிம்பனோமெட்ரி (செவிப்பறைக்குப் பின்னால் நீர் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை) எடுக்கவில்லை. ஆபரேஷன் தவிர வேறு வழி உண்டா என்று கேட்டோம், விளக்கம் கிடைக்கவில்லை. வேறு டாக்டர் காத்திருக்கச் சொன்னார். மூன்று மாதம் கழித்து நீர் இல்லை." ஒவ்வொரு வரிக்கும் சீட்டோ ரிப்போர்ட்டோ கையில் இருக்க வேண்டும், உங்கள் வீட்டில் நடந்தபடி மாற்றிக்கொள்ளுங்கள். குழந்தையின் பெயரும் படமும் வேண்டாம். புதிதாகப் போட்டால் அது புதிய பிரசுரம்: சிவில் வழக்குக்கான ஓராண்டுக் காலவரம்பு அன்றிலிருந்து ஓடும்.

நீங்கள் கேரள எல்லைக்கு இந்தப் பக்கம், தமிழ்நாட்டில் இருப்பதில் ஒரு சங்கடமும் ஒரு சலுகையும் உண்டு. பதிவு அங்கேயும் படிக்கப்படுவதால் டாக்டர் திருவனந்தபுரத்திலேயே சிவில் வழக்குப் போடலாம், உங்கள் ஊர்ப் பக்கமுள்ள குழித்துறை கோர்ட்டுக்கு வர வேண்டியதில்லை. நீங்கள் நுகர்வோர் புகார் கொடுப்பதானால், 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி வசிக்கும் மாவட்டத்திலேயே, நாகர்கோவிலில் கொடுக்கலாம். ஆனால் உங்கள் விஷயத்தில் ஆபரேஷனே நடக்கவில்லை. கன்சல்டேஷன் கட்டணத்துக்காக அதில் இறங்குவது வீண்.

அதைவிடப் பயனுள்ளது மருத்துவப் பதிவேடு. எழுத்தில் கேட்டால் 72 மணி நேரத்தில் தர வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதி. ஸ்பீட் போஸ்டில் கேட்டு, அது போய்ச் சேர்ந்ததற்கான அத்தாட்சியை நோட்டீஸோடு சேர்த்து வையுங்கள். டிம்பனோமெட்ரி எடுத்தார்களா என்பது அதில்தான் தெரியும். எடுத்திருந்தால் மேலே சொன்ன மாதிரியில் அந்த வரியை அடித்துவிடுங்கள்.